394 எடுத்து 400 கொடுத்த சாம்பியன்: 2011 ஜயன்ட்ஸ் சீசன்

2011ஆம் ஆண்டு அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி 16 லீக் ஆட்டங்களில் எடுத்த மொத்தப் புள்ளிகள் 394. எதிரணிகளுக்குக் கொடுத்தது 400. எடுத்ததைவிடக் கொடுத்தது அதிகம் என்ற கணக்கோடு போய் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்த முதல் அணி இதுதான். அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி ‘குருட்டு அதிர்ஷ்டம்’ என்று முடித்துவிடும். இன்னொரு கட்சி ‘சாம்பியன் மனசு’ என்று ஆரம்பிக்கும். இரண்டிலும் எனக்கு ஒட்டவில்லை. ஸ்கோர்களை வரிசையாகப் பிரித்துப் பார்த்தாலே அந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் ஓரளவு தெரிந்துவிடுகிறது.

முதலில் கணக்கு. 9 வெற்றி, 7 தோல்வி. வெற்றிகளில் ஐந்து நூலிழை வெற்றிகள்: அரிசோனாவை 4 புள்ளியில், பஃபலோவை 3, மயாமியை 3, நியூ இங்கிலாந்தை 4, டாலஸை 3. ஐந்தும் சேர்ந்து வெறும் 17 புள்ளி. மீதி நான்கு வெற்றிகள் 12, 13, 15, 17 என்று மொத்தம் 57. ஆக, ஜெயித்த பக்கம் 74. தோற்ற பக்கம் 14, 11, 7, 7, 25, 3, 13, மொத்தம் 80. வித்தியாசம் மைனஸ் 6. இதில் நியூ ஆர்லியன்ஸில் வாங்கிய அந்த 25 புள்ளி அடியை மட்டும் எடுத்துவிட்டால் கணக்கு ப்ளஸ் 19 ஆகிவிடும். ஒரே ஒரு இரவு ஒரு சீசனின் முகத்தையே மாற்றிக் காட்டுகிறது.

இதற்கு நேர் எதிர் உதாரணத்துக்கு வேறு ஊர் போகவே வேண்டாம். அடுத்த வருஷம் 2012இல் இதே ஜயன்ட்ஸ் எடுத்தது 429, கொடுத்தது 344. ப்ளஸ் 85. காகிதத்தில் பார்த்தால் எவ்வளவோ மேலான அணி. ஆனால் முடிவு அதே 9-7, பிளேஆஃப் எனும் நாக்அவுட் சுற்றுக்கே போகவில்லை. அந்த வருஷம் ஜயன்ட்ஸ் இருக்கும் நாலு அணி டிவிஷனில் வாஷிங்டன் 10-6 எடுத்து மேலே போய்விட்டது. 2011இலோ ஃபிலடெல்ஃபியாவும் டாலஸும் ஆளுக்கு 8-8இல் நின்றதால் 9 வெற்றியே பிளேஆஃபுக்கு வழிவிடும் டிவிஷன் முதலிடத்தைப் பிடிக்கப் போதுமானதாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படி ஆடினார்கள் என்பதும் நம் பலன்தான்.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு இரண்டு வரி. பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் ஓர் உதை அடித்தால் 1, உதைக்குப் பதில் மறுபடி உள்ளே கொண்டுபோனால் 2. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3. பந்து வைத்திருப்பவன் தன் சொந்த எல்லைக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் எதிரணிக்கு 2. அதற்கு சேஃப்டி என்று பெயர். இந்த 2 புள்ளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

ஜயன்ட்ஸ் டிஃபென்ஸின், அதாவது தடுக்கும் பக்கத்தின், சூத்திரம் ரொம்ப எளிது. மொத்தம் 11 பேர். அதில் நாலே பேரை விட்டு எதிரணி குவாட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிபவனை, துரத்த வேண்டும். மிச்சம் ஏழு பேர் பின்னால் நின்று பந்து பிடிக்க ஓடும் ஐந்து பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்துக்கு ஏழு. பந்தை எறிய இடமே இருக்காது. ஆனால் அந்த நாலு பேரும் சுமார் மூன்று விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை என்றால் பின்னால் எழுவர் நின்றும் பயனில்லை. நான்கு, ஐந்து விநாடி கிடைத்தால் எந்த ரிசீவரும் எங்கேயாவது ஓர் ஓட்டை கண்டுபிடித்துவிடுவான். சரி, ஐந்தாவது ஆறாவது ஆளையும் துரத்த அனுப்பலாமே என்றால், பின்னால் ஆள் குறையும். அதைச் சமாளிக்க, ரிசீவர்களை ஒட்டி ஓடிக் காக்கும் நல்ல கார்னர்பேக்குகள் வேண்டும். அந்த வருஷம் ஜயன்ட்ஸிடம் இல்லாதது அதுதான்.

ஏன் இல்லை என்பதற்கு ஆகஸ்ட் மாதத்துக்குப் போக வேண்டும். 2011இல் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் ஒப்பந்தம் முடிவாகாமல் மார்ச் மாதம் தொடங்கிய கதவடைப்பு (லாக்அவுட்) ஜூலை 25 வரை நீடித்தது. வசந்த காலப் பயிற்சி எதுவும் கிடையாது. கதவு திறந்த சில நாட்களுக்குள்ளேயே அணியைக் கட்ட வேண்டிய நிலை. ஜயன்ட்ஸ் தன் குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையில் பல வருஷம் ஆடிய ஷான் ஓஹாரா, ரிச் சூபர்ட் இருவரையும் வெளியே அனுப்பியது. ரிசீவர் ஸ்டீவ் ஸ்மித் பரம எதிரியான ஃபிலடெல்ஃபியாவுக்கே போனார். டைட் எண்ட் (முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) கெவின் பாஸ் ஓக்லண்டுக்குப் போனார். பிறகு காயங்கள் வரிசை கட்டின: கார்னர்பேக் டெரல் தாமஸுக்கு முழங்கால் தசைநார் அறுந்து சீசன் முடிந்தது, துரத்தும் வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கர் ஜானதன் காஃபுக்கும் அதே. முதல் சுற்றில் எடுத்த புதுக் கார்னர்பேக் பிரின்ஸ் அமுகமாராவுக்குப் பயிற்சி முகாமிலேயே பாத எலும்பு முறிந்தது. துரத்தும் நால்வரில் ஓசி உமென்யோராவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை, ஜஸ்டின் டக்கிற்குக் கழுத்து.

அந்த நிலையில் முதல் ஆட்டம் செப்டம்பர் 11, வாஷிங்டனில். 14-28 தோல்வி. உமென்யோராவும் இல்லை, டக்கும் இல்லை. அந்த வாஷிங்டன் அணி கடைசியில் 5-11 என்று முடித்தது. அதன் ஐந்து வெற்றியில் இரண்டு ஜயன்ட்ஸிடமிருந்து வந்தவை. பின்னால் உலகை ஜெயிக்கப்போகிற அணி, டிவிஷனின் கடைசி அணியிடம் இரண்டு முறை, மொத்தம் 51-24 என்ற கணக்கில் அடி வாங்கியது.

அங்கிருந்து 6-2 வரை ஏறினார்கள். அந்த ஏற்றத்தை ஒரு பெயரில் சொல்வதானால் விக்டர் குரூஸ். புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத பையன், ஜயன்ட்ஸ் மைதானத்துக்குப் பக்கத்து ஊரான பேட்டர்சன்காரன். 2010 சீசனில் ஒரு கேட்ச் கூட இல்லை. 2011இன் இரண்டாவது வாரம் டொமினிக் ஹிக்சனுக்கு முழங்கால் போனது, மாரியோ மேனிங்ஹமுக்குத் தலையில் அடி. வேறு ஆள் இல்லாததால் மூன்றாவது வாரம் ஃபிலடெல்ஃபியாவில் குரூஸ் இறக்கப்பட்டார். இரண்டு டச்டவுன், அதில் ஒன்று 74 யார்டு. சீசன் முடிவில் 82 கேட்ச், 1,536 யார்டு. காயம் ஓர் இடத்தில் ஓட்டை போட்டால் இன்னோர் இடத்தில் கதவைத் திறக்கிறது என்பதற்கு இவ்வளவு சுத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

அரிசோனா ஆட்டம் வேறு ரகம். நான்காவது கால் பகுதியில் 17-27 என்று பின்தங்கி, மெல்ல 24-27க்கு வந்து, கடைசி நிமிடங்களில் குரூஸ் பந்தைப் பிடித்து, யாரும் தொடாமலே தானாகக் கீழே விழுந்து, எழுந்து, பந்தைத் தரையில் விட்டுவிட்டுப் போனார். என்எஃப்எல் விதிப்படி தொடாமல் விழுந்தவன் எழுந்து ஓடலாம். ஆகவே அந்தப் பந்து உயிரோடு இருக்கிறது என்று அரிசோனா வீரர்கள் பாய்ந்து எடுத்துக்கொண்டார்கள். நடுவர்களோ ‘அவர் தானே ஓட்டத்தை முடித்துக்கொண்டார், ஆட்டம் அங்கேயே நின்றது’ என்று தீர்த்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்பை ரிவியூவுக்கு எடுக்கவும் முடியாது. அடுத்த பந்திலேயே ஜயன்ட்ஸ் குவாட்டர்பேக் ஈலை மேனிங் 29 யார்டு எறிந்து ஹக்கீம் நிக்ஸ் டச்டவுன். 31-27. சட்டப் புத்தகத்தில் அந்தத் தீர்ப்புக்கு இடம் உண்டு. ஆனாலும் எதிரணி ரசிகன் எவனும் அதை ஒத்துக்கொள்ள மாட்டான், ஒத்துக்கொள்ளவும் வேண்டாம்.

அடுத்த வாரமே சொந்த மண்ணில் சியாட்டிலிடம் 25-36. ஜெயிக்கப் போகிற ஆட்டம். கடைசியில் குரூஸின் கையில் பட்டுத் துள்ளிய பந்தை பிராண்டன் பிரௌனர் பிடித்து 94 யார்டு ஓடிவிட்டார். போன வாரம் கொடுத்ததை இந்த வாரம் வாங்கிக்கொண்டது ஆட்டம். இப்படி மாறி மாறி வந்ததால்தான் அணியின் உண்மையான தரத்தை எவராலும் சொல்ல முடியவில்லை.

நவம்பர் 6 நியூ இங்கிலாந்து ஆட்டம் சீசனின் முதல் பாதியின் உச்சி. பந்தைச் சுமந்து ஓடும் பிராட்ஷாவும் ரிசீவர் நிக்ஸும் காயத்தில் வெளியே. ஆட்டத்தின் முதல் பாதி 0-0. கடைசியில் 15 விநாடி இருக்கும்போது ஜேக் பாலர்ட் 1 யார்டு டச்டவுன் பிடித்து 24-20. சொந்த மைதானத்தில் லீக் ஆட்டங்களில் 20 தொடர்ந்து ஜெயித்திருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அன்று தோற்றது. அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் பிப்ரவரியில் இதே இரண்டு அணிகளும் மோதிய சூப்பர் பவுல் பாதிக்கு மேல் பழைய சங்கதி.

பிறகு இறக்கம். நான்கு தோல்வி வரிசையாக: சான் ஃபிரான்சிஸ்கோ 20-27, ஃபிலடெல்ஃபியா 10-17, நியூ ஆர்லியன்ஸ் 24-49, கிரீன் பே 35-38. மேலோட்டமாகப் பார்த்தால் ‘வழக்கமான நவம்பர் சரிவு’. அதற்கு முந்தைய வருஷங்களிலும் தலைமைப் பயிற்சியாளர் டாம் காஃப்லினின் அணி சீசனின் பின்பாதியில் சரிந்தது உண்டு, ஆகவே அவர் வேலை போகுமா என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தன. ஆனால் அந்த நாலு பேரின் பட்டியலைப் பாருங்கள். சான் ஃபிரான்சிஸ்கோ அந்த வருஷம் 13-3. நியூ ஆர்லியன்ஸ் 13-3. கிரீன் பே 15-1. இதில் வெட்கப்பட வேண்டியது ஃபிலடெல்ஃபியா ஆட்டம் ஒன்றுதான். மைக்கேல் விக் இல்லாமல் மாற்று குவாட்டர்பேக் வின்ஸ் யங்கோடு வந்த அணி, நான்காவது கால் பகுதியில் கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு 80 யார்டு நகர்ந்து டச்டவுன் போட்டது. கடைசி வாய்ப்பில் மேனிங் பந்தை நழுவவிட்டார்.

அதே ஆட்டத்தில் இன்னொரு சேதம். இடது டேக்கிள் வில் பீட்டிக்குக் கண்ணில் விழித்திரை பிரிந்து சீசன் முடிந்தது. குவாட்டர்பேக்கின் பார்வை படாத முதுகுப் பக்கத்தைக் காக்கும் இடம் அது. அதற்குப் பக்கத்து இடமான கார்டாக ஆடிக்கொண்டிருந்த டேவிட் டீல் அந்த இடத்துக்கு நகர்த்தப்பட, அவர் இடத்துக்குக் கெவின் பூத் வந்தார். ஒரு காயத்துக்கு இரண்டு இடம் மாறியது. தரையில் ஓடும் ஆட்டம் ஏற்கனவே படுத்துவிட்டிருந்தது: சீசன் முழுக்கச் சராசரி 89.2 யார்டு, 32 அணிகளில் கடைசி இடம். பந்தைச் சுமந்து ஓட முடியாத அணி வாரா வாரம் மேனிங்கின் கையை நம்ப வேண்டியிருந்தது. அவர் 4,933 யார்டு எறிந்தார். நான்காவது கால் பகுதியில் மட்டும் 15 டச்டவுன், அது லீக் சாதனை. முந்தைய வருஷம் 25 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பறிப்பது) கொடுத்தவர், இந்த வருஷம் 16 மட்டுமே. சீசனுக்கு முன்னால் நியூ இங்கிலாந்து குவாட்டர்பேக் டாம் பிரேடியைக் குறித்து ‘பிரேடி வரிசையில்தான் நானும்’ என்ற பொருளில் ஒரு வானொலிப் பேட்டியில் பேசி எல்லோருடைய கேலிக்கும் ஆளானவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நியூ ஆர்லியன்ஸ் ஆட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். நவம்பர் 28, திங்கள் இரவு. 577 யார்டு கொடுத்தார்கள். அவர்களின் குவாட்டர்பேக் டிரூ பிரீஸ் நான்கு டச்டவுன் எறிந்து, ஒன்றைத் தானே சுமந்துகொண்டும் போனார். பிரீஸ் பந்தை வாங்கியதும் எறிந்துவிடுவார். அந்த வேகத்தில் நாலு பேர் துரத்திப் பயனில்லை. துரத்தல் பயனற்றுப் போனதும் பின்வரிசையின் ஒட்டுப்போட்ட வேலை வெளியே வந்துவிட்டது. சேஃப்டியாக (இங்கே புள்ளி அல்ல, கடைசியில் நின்று காக்கும் இடத்தின் பெயர்) ஆட வேண்டிய ஆன்ட்ரல் ரோல் நடுவில் கார்னர் வேலை பார்த்தார், மூன்றாவது சேஃப்டியாக டியான் கிரான்ட், லைன்பேக்கர் இடத்தில் அனுபவமில்லாத இளைஞர்கள். யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்று பந்து கிளம்புவதற்கு முன் சொல்லிக்கொள்ள வேண்டும். அது தவறிய இடங்களில் நியூ ஆர்லியன்ஸ் வீரர்கள் தனியாக நின்றார்கள். டிஃபென்ஸ் பயிற்சியாளர் பெர்ரி ஃபியூவலை வேலையை விட்டுத் துரத்த வேண்டும் என்று ரசிகர்கள் கத்திய வாரம் அது. என் கணிப்பில் அவரிடம் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாளே ஜயன்ட்ஸ் செய்த காரியம் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை: சேஸ் பிளாக்பர்ன் என்ற லைன்பேக்கரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆறு வருஷம் இதே அணியில் ஆடியவர், அந்த சீசனில் எந்த அணியும் எடுக்காமல் வீட்டில் இருந்தவர். வேகம் கம்மி. ஆனால் அந்த அணியின் அழைப்புகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஐந்தே நாளில் கிரீன் பேக்கு எதிராகத் தொடக்க வரிசையில் இறங்கி, அன்றே கிரீன் பே குவாட்டர்பேக் ஆரன் ராஜர்ஸின் பந்தைப் பறித்தார். அதுவரை 11-0 என்றிருந்த கிரீன் பே அன்று கடைசி விநாடி ஃபீல்ட் கோலில்தான் தப்பியது. 58 விநாடிக்கு முன்பு ஆட்டம் 35-35. தோற்றாலும் அந்த ஆட்டத்திலிருந்துதான் கிராஃப் மேலே திரும்பியது என்று சொல்வேன்.

சீசனின் கீல் டிசம்பர் 11, டாலஸ். ஜயன்ட்ஸ் 6-6, டாலஸ் 7-5. தோற்றிருந்தால் இரண்டு ஆட்டம் பின்தங்கியிருப்பார்கள். 5 நிமிடம் 41 விநாடி மீதி இருக்கும்போது ஸ்கோர் 22-34. டாலஸ் ஒரு தடவை ஒழுங்காக முடித்திருந்தால் கதை முடிந்திருக்கும். மைல்ஸ் ஆஸ்டின் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். டாலஸ் குவாட்டர்பேக் டோனி ரோமோ எறிந்த பந்து விரலுக்கு எட்டாமல் போனது. அது கையில் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பிறகு பாலர்ட் ஒரு டச்டவுன், 46 விநாடி இருக்கையில் பிராண்டன் ஜேக்கப்ஸ் ஒன்று, கூடவே 2 புள்ளி முயற்சியும் பலித்து 37-34. டாலஸ் விடவில்லை. கடைசி விநாடிகளில் 47 யார்டு ஃபீல்ட் கோலுக்கு வந்துவிட்டது. டான் பெய்லி உதைத்தார், பந்து நேராக உள்ளே போனது. ஆனால் பந்து கிளம்புவதற்கு ஒரு கணம் முன்பு காஃப்லின் கடிகாரத்தை நிறுத்தும் டைம்அவுட் கேட்டிருந்தார், செல்லாது. இரண்டாவது உதையில் ஜேசன் பியர்-பால் முன்வரிசையைத் துளைத்துக் கையை நீட்டினார், பந்து கையில் பட்டுச் செத்தது. உதைப்பவனை மறுபடி உதைக்க வைப்பது வழக்கமாக வீண் வேலை. இந்த ஒரு தடவை சீசனையே காப்பாற்றியது. அதே ஆட்டத்தில் ரோமோவைச் சொந்த எல்லைக்குள் வீழ்த்தி சேஃப்டி எடுத்தவரும் பியர்-பால்தான். அந்த சீசனில் அவருக்கு 16.5 சாக் (எறியும் முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவது). உமென்யோரா இல்லாத நாட்களில் இடத்தைப் பிடித்தவர், அவர் வந்த பிறகும் விடவில்லை.

இதற்கு அடுத்த வாரம் வாஷிங்டனிடம் மறுபடி 10-23. மேனிங் மூன்று இன்டர்செப்ஷன். இதற்கு எந்த நல்ல விளக்கமும் என்னிடம் இல்லை.

டிசம்பர் 24, ஜெட்ஸ். ஒரே மைதானத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு அணி, இரண்டுக்கும் வாழ்வா சாவா. 3-7 என்று பின்தங்கி, இடைவேளைக்குச் சற்று முன்பு பந்து ஜயன்ட்ஸின் சொந்த 1 யார்டு கோட்டில். மூன்றாவது டவுன், 10 யார்டு வேண்டும். இந்த இடத்தில் சாதாரண அணி பந்தைச் சும்மா நடுவில் கொடுத்துவிட்டு, அடுத்து பந்தைத் தூரமாக எதிரணிக்கே உதைத்து (அதற்குப் பெயர் பன்ட்) தப்பிக்கும். மேனிங் எல்லைக்குள் நின்றபடி வலது ஓரத்தில் குரூஸுக்கு எறிந்தார். தேவை அந்த 10 யார்டு மட்டுமே. இரண்டு ஜெட்ஸ் வீரர்கள் பாய்ந்து தவறவிட்டார்கள், குரூஸ் திரும்பினார், மூன்றாமவரையும் கடந்து ஓரத்தை ஒட்டி ஓடினார். 99 யார்டு. இதைவிட நீளமான ஓர் ஆட்டத்தை லீக்கில் எறிந்து எடுக்கவே முடியாது. முடிவு 29-14.

ஜனவரி 1, மறுபடி டாலஸ். இருவரும் 8-7. ஜெயிப்பவனுக்கு டிவிஷன், தோற்பவனுக்கு விடுமுறை. இந்த ஆட்டத்துக்குத்தான் உமென்யோரா இடையில் பட்ட கணுக்கால் காயம் ஆறித் திரும்பினார், இரண்டு சாக் எடுத்தார். டக்கும் ஒருவழியாகத் தேறியிருந்தார். அன்று ரோமோவை ஆறு முறை வீழ்த்தினார்கள். 31-14. இந்த இடத்தில் ஜயன்ட்ஸின் துரத்தும் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன்: எதிரணி கண்டிப்பாக எறியப்போகிறது என்று தெரிந்த டவுன்களில் கனமான நடு ஆட்களை வெளியே எடுத்துவிட்டு, வேகமான ஓர ஆட்களையே நாலு பேராக நிறுத்துவார்கள். டக் நடுவுக்கு வருவார், பியர்-பாலும் உமென்யோராவும் இரண்டு ஓரம், தேவைப்பட்டால் மதையஸ் கிவனூக்காவும். கார் பந்தயத்தின் பெயரால் அதை நாஸ்கார் பேக்கேஜ் என்பார்கள். நடுவில் நிற்கும் கனத்த கார்டுகளால் டக்கின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. சீசன் முழுக்க இந்த ஏற்பாடு காகிதத்தில் இருந்தது. ஆள் முழுசாகச் சேர்ந்தது ஜனவரியில்தான்.

பலன் எண்ணில் தெரிகிறது. லீக் ஆட்டங்களில் சராசரி 25 புள்ளி கொடுத்த டிஃபென்ஸ், நான்கு பிளேஆஃப் ஆட்டங்களில் கொடுத்தது 2, 20, 17, 17. சராசரி 14. அதிலும் முதல் பிளேஆஃப் ஆட்டத்தில் அட்லாண்டாவின் அந்த 2 புள்ளி மேனிங் தன் எல்லைக்குள் செய்த தவறால் வந்தது. டிஃபென்ஸ் கொடுத்தது பூஜ்யம். அட்லாண்டா 10-6 எடுத்த அணி, ஆனாலும் டிவிஷன் ஜெயித்த 9-7 அணியின் வீட்டுக்கு வந்து ஆட வேண்டும் என்பது விதி. அங்குலக் கணக்கு பாக்கியிருந்த நான்காவது டவுன்களில் அட்லாண்டா குவாட்டர்பேக் மேட் ரயன் இரண்டு முறை குனிந்து முட்டிப் பார்த்தார், இரண்டு முறையும் தடுத்துவிட்டார்கள். அன்று ஜயன்ட்ஸின் ஓட்டமும் எங்கிருந்தோ திரும்பிவந்தது: 172 யார்டு.

அடுத்த சுற்றில் கிரீன் பே, 37-20. ஆறு வாரத்துக்கு முன்பு 38 புள்ளி எடுத்த அதே ராஜர்ஸை நான்கு முறை வீழ்த்தினார்கள், நான்கு முறை பந்தைப் பறித்தார்கள். இடைவேளையின் கடைசி நொடியில் மேனிங் உயரத் தூக்கி எறிந்த 37 யார்டு பந்து, கூட்டத்துக்கு நடுவில் நிக்ஸ் கையில் விழுந்து 20-10.

இனி அதிர்ஷ்டத்தின் பங்கு. இந்த டிஃபென்ஸைக் கிழித்துப்போட்ட நியூ ஆர்லியன்ஸை, அதே வார இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோ 36-32 என்று வெளியே அனுப்பியிருந்தது. பிரீஸை மறுபடி சந்திக்க வேண்டிய அவசியம் ஜயன்ட்ஸுக்கு வரவில்லை. அதற்கடுத்த சுற்றில் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. ஈரத் தரை, மேனிங் ஆறு சாக் வாங்கி 58 முறை எறிகிறார். எதிரணியின் வழக்கமான பன்ட் பிடிப்பாளர் காயத்தில் இல்லை. பதிலுக்கு நின்ற கைல் வில்லியம்ஸின் முழங்காலில் உருண்டு வந்த பன்ட் லேசாக உரசியது, டெவின் தாமஸ் எடுத்துக்கொண்டார், அதிலிருந்து ஒரு டச்டவுன். கூடுதல் நேரத்தில் மறுபடி அவர் கையிலிருந்து பந்தை ஜாக்குவியன் வில்லியம்ஸ் தட்டிவிட, மறுபடி தாமஸ். லாரன்ஸ் டைன்ஸ் 31 யார்டு, 20-17. ஆனால் அந்த மூன்றாவது டவுன் கணக்கையும் பாருங்கள்: சான் ஃபிரான்சிஸ்கோ 13 முயற்சியில் 1. அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டும்வரை ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தது டிஃபென்ஸ்.

பிப்ரவரி 5, 2012, இண்டியானாபோலிஸ், சூப்பர் பவுல். நியூ இங்கிலாந்தின் முதல் பந்து: டாம் பிரேடி தன் எல்லைக்குள் நிற்கிறார், டக் நெருங்கிவிட்டார், பிரேடி நடு மைதானத்தில் ஆளே இல்லாத இடத்துக்கு எறிகிறார். பக்கத்தில் ரிசீவர் இல்லாமல் தப்பிக்க எறிவது குற்றம், அதைச் சொந்த எல்லைக்குள்ளிருந்து செய்தால் சேஃப்டி. 2-0. பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் கடைசி நாலு நிமிடம் முழுக்க இந்த 2 புள்ளியைச் சுற்றியே ஓடியது.

3 நிமிடம் 46 விநாடி மீதி. ஜயன்ட்ஸ் 15, நியூ இங்கிலாந்து 17. பந்து ஜயன்ட்ஸின் 12 யார்டு கோட்டில். நியூ இங்கிலாந்தின் கவனம் நிக்ஸ், குரூஸ் நின்ற வலது பக்கம். மேனிங் இடது ஓரத்தில் மேனிங்ஹமுக்கு 38 யார்டு எறிந்தார்; இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவில், கோட்டுக்கு உள்ளே இரண்டு காலும் படும்படி அவர் பிடித்தார். நியூ இங்கிலாந்து பயிற்சியாளர் பெலிசிக் அதை எதிர்த்து ரிவியூ கேட்டார். தீர்ப்பு மாறவில்லை, ஒரு டைம்அவுட் போனது. அந்த டைம்அவுட்டும் முக்கியம்.

1 நிமிடம் 4 விநாடி. இரண்டாவது டவுன், பந்து 6 யார்டு கோட்டில். நியூ இங்கிலாந்திடம் மிச்சம் ஒரே டைம்அவுட். தொடக்கத்தில் அந்த சேஃப்டி இல்லாதிருந்தால் ஸ்கோர் 13-17. ஜயன்ட்ஸுக்கு டச்டவுனே வேண்டும், தடுப்பதுதான் ஒரே வழி. இப்போதோ 15-17, ஒரு ஃபீல்ட் கோல் போதும். ஜயன்ட்ஸ் இரண்டு முறை மண்டியிட்டு நேரத்தைக் கரைத்தால், கடைசி டைம்அவுட்டையும் செலவழித்த பிரேடிக்கு 20 விநாடியோ என்னவோதான் மிஞ்சும். ஆகவே பெலிசிக் வழிவிடச் சொன்னார். பிராட்ஷாவுக்கு முன்னால் சுவர் திறந்தது. ‘எல்லைக்குள் போகாதே’ என்று மேனிங் கத்தினார். பிராட்ஷா கோட்டில் நிற்கப் பார்த்து, திரும்பி, வேகம் அடங்காமல் பின்பக்கமாக உள்ளே உட்கார்ந்தார். 57 விநாடி. 21-17.

நிற்காமல் போனது தவறு என்று கணக்கு சொல்லும். ஆனால் ஃபீல்ட் கோலும் தடுக்கப்படக் கூடியது என்பதை டாலஸில் கையால் செய்து காட்டிய அணி இது. நான் பிராட்ஷா மேல் குறை சொல்ல மாட்டேன். அடுத்து 2 புள்ளிக்கு முயன்றது சரியான முடிவு. 1 எடுத்து 22 ஆனாலும் ஒரு டச்டவுன் வந்தால் தோல்விதான். 2 எடுத்து 23 ஆனால் எதிரணி டச்டவுனோடு உதையையும் அடிக்க வேண்டியிருக்கும். முயற்சி பலிக்கவில்லை.

பிரேடியின் கடைசி முயற்சியில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 17 விநாடி இருக்கையில் ஜயன்ட்ஸ் பக்கம் 12 பேர் களத்தில் நின்றார்கள். 5 யார்டு அபராதம் உண்டு. ஆனால் அன்றைய விதிப்படி ஆட்டம் நடந்து முடிந்த பிறகுதான் அபராதம், ஓடிப்போன 8 விநாடி திரும்பாது. 9 விநாடியில் மறுபடி ஆரம்பித்தார்கள். கடைசியாக உயரத் தூக்கிய பந்து எல்லைக்குள் பலர் கையில் பட்டுச் சிதற, கணுக்கால் காயத்தோடு ஆடிய ராப் கிராங்கவ்ஸ்கி பாய்ந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் விழுந்தது. 12 பேர் வைத்து விநாடி தின்பது லாபம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், 2012 சீசனுக்கு முன்பே விதியை மாற்றினார்கள்: பந்து கிளம்பும்போது 12 பேர் நின்றால் ஊதல் அங்கேயே, கடிகாரமும் அங்கேயே நிற்கும்.